25 கிராம் சீஸ்

அக்கா வீட்டுச் சமையல்மேடையில் புதிதாக ஒரு எலெக்ட்ரானிக் தராசு உட்கார்ந்திருந்தது. எட்டுக் கிலோ குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே வாங்கிவிட்டாளாம். ஃப்ரிட்ஜ் கதவில் தொடக்கூடாதவற்றின் பட்டியல் ஒட்டியிருந்தது. பூரி, வடை, மிக்சர், ஐஸ்கிரீம். எல்லாவற்றுக்கும் கடைசியில் சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு, சீஸ்.

"பிடிச்சதை எல்லாம் விட்டுட்டேன்டா. மூணு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நேத்து ராத்திரி பேத்தி மிச்சம் வெச்ச பீட்சாவை அடுப்படியிலேயே நின்னுக்கிட்டு முழுசாத் தின்னுட்டேன்" என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

பேத்திக்காக வாங்கிய செடார் சீஸ் கட்டி ஃப்ரிட்ஜில் இருந்தது. அதிலிருந்து 25 கிராம் வெட்டித் தராசில் வைத்தேன். ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவு. "இவ்வளவுதானா?" என்று அக்கா முகம் வாடியது. அதே துண்டைத் துருவியின் பொடிப் பல்லில் துருவினேன். மல்லிகைப்பூவைக் கொட்டியதுபோலத் தட்டு நிறைந்தது. மறுபடி தராசில் வைத்தோம். அதே 25 கிராம், சுமார் 100 கலோரி. இரண்டு டீஸ்பூன் நெய்யில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

"அப்போ சாப்பிடலாமா?" என்று கேட்டாள். சாப்பிடலாம். ஆனால் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டும்.

பத்து லிட்டரின் சாரம்

ஒரு கிலோ செடார் செய்ய ஏறக்குறைய பத்து லிட்டர் பால் வேண்டும். பாலில் கேசின் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. அந்த உருண்டைகளின் மேல் ரோமம்போல ஒரு படலம் இருப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட்டில் உள்ள கைமோசின் என்ற நொதி இந்த ரோமத்தை மழித்துவிடுகிறது. உடனே உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வலையாகின்றன. பாலின் கொழுப்புத் துளிகள் மீன்போல அந்த வலையில் சிக்கிக்கொள்கின்றன. 'வே' எனப்படும் தெளிந்த நீர் வடிந்துவிடுகிறது. பாலின் சர்க்கரையான லாக்டோஸில் பெரும்பகுதி அதோடு போய்விடும். மிச்சத்தைச் சீஸ் முதிரும் மாதங்களில் பாக்டீரியாக்கள் தின்றுவிடும்.

அதனால்தான் நன்கு முதிர்ந்த சீஸில் மாவுச்சத்து அநேகமாக இல்லை. 100 கிராம் செடாரில் சுமார் 33 கிராம் கொழுப்பு, 24 கிராம் புரதம், 700 மில்லிகிராம் கால்சியம், 400 கலோரி. பத்து லிட்டர் பாலின் நல்லது கெட்டது எல்லாம் சுண்டக் காய்ச்சிய குழம்புபோல ஒரு கட்டிக்குள் அடங்கியிருக்கிறது. சுண்டிய குழம்பை யாரும் கிண்ணம் கிண்ணமாகக் குடிப்பதில்லை. சீஸுக்கும் அந்த மரியாதைதான் வேண்டும்.

வயிற்றுக்குள் சோப்பு

வெண்ணெயிலும் பால் கொழுப்பு, சீஸிலும் பால் கொழுப்பு. இரண்டும் உடலில் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளுமா? கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே நபர்களுக்கு ஆறு வாரம் சீஸ், ஆறு வாரம் வெண்ணெய் கொடுத்தார்கள். இரண்டிலும் கொழுப்பின் அளவு சமம். வெண்ணெய் தின்ற வாரங்களைவிடச் சீஸ் தின்ற வாரங்களில் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் குறைவாக இருந்தது.

இதற்குக் கால்சியம் ஒரு காரணமாக இருக்கலாம். போர் தண்ணீரில் துணி துவைத்தவர்களுக்கு இந்த வேதியியல் பழக்கமானதுதான். சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகத் திரளுமே, அது தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து உண்டாக்கும் கரையாத உப்பு. குடலிலும் அப்படியே நடக்கிறது. சீஸின் கால்சியம் கொழுப்பு அமிலங்களில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள, அது உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறுகிறது. ஆனால் இது ஒருநாளைக்குச் சில கிராம் கணக்குதான். இதை நம்பி இரண்டாவது துண்டை எடுத்தால் கணக்கு உதைக்கும்.

யாரோடு சேர்கிறது?

அமெரிக்காவில் 1,20,877 பேரின் உணவையும் எடையையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. தினசரி உருளைக்கிழங்கு சிப்ஸ் ஒரு பங்கு கூடியவர்களுக்கு நான்கு ஆண்டில் சராசரியாக 0.77 கிலோ எடை கூடியிருந்தது. சர்க்கரைப் பானங்களுக்கு 0.45 கிலோ. சீஸைப் பொறுத்தவரை எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று சொல்லும் அளவுக்கே மாற்றம்.

அதே மக்களின் தகவல்களை வைத்து 2015-ல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் நுட்பமானது. வெள்ளை மாவு, சர்க்கரை போன்ற வேகமாகச் செரிக்கும் மாவுச்சத்தும் சீஸோடு சேர்ந்து கூடியவர்களுக்கு எடை ஏறியது. அந்த மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு சீஸைக் கூட்டியவர்களுக்கு எடை இறங்கியது. இவை மக்களைக் கவனித்துச் சொன்ன முடிவுகள், சோதனை செய்து நிறுவியவை அல்ல. ஆனாலும் சீஸ் என்ன செய்யும் என்பது அது யாரோடு தட்டில் அமர்கிறது என்பதைப் பொறுத்தது என்ற குறிப்பு இதில் இருக்கிறது.

சீஸ் போதைப்பொருள்போல அடிமையாக்கும் என்று ஒரு பேச்சும் உலவுகிறது. 2015-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் கட்டுப்பாடில்லாமல் தின்னத் தூண்டும் உணவுகள் எவை என்று கேட்டார்கள். பீட்சா முதலிடம் பிடித்தது. தனியாகச் சீஸ் அதற்குப் பல படி கீழே இருந்தது. அடிமையாக்குவதாகச் சொல்லப்படும், சீஸ் செரிக்கும்போது உண்டாகும் காசோமார்ஃபின்களை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. கொழுப்பும் சுத்திகரித்த மாவுச்சத்தும் கூட்டணி சேர்ந்த, ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவுகள்தான் வரிசையின் முன்னால் நின்றன. அக்காவை நடுராத்திரியில் அடுப்படிக்கு இழுத்ததும் அந்தக் கூட்டணிதான். அதோடு மூன்று வாரப் பட்டினியும் சேர்ந்துகொண்டது.

எதை எடுப்பது?

எடை குறைப்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு, மணமும் காரமும் தூக்கலான முதிர்ந்த சீஸ். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜியானோ குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும் என்பது விதி. அந்த மாதங்களில் புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகிறது. அவற்றில் ஒன்றான குளூட்டமேட் நாவில் நிற்கும் ஆழ்ந்த ருசியைத் தருகிறது. கடிக்கும்போது நறநறவென்று படுபவை பெரும்பாலும் டைரோசின் படிகங்கள். ஒரு கிண்ணம் சூப்பின் மேல் 10 கிராம் துருவினால் போதும், கலோரி 40-தான். விலை அதிகம் என்பது உண்மை. நன்கு முதிர்ந்த செடாரும் இதே வேலையைச் செய்யும்.

மொசரெல்லாவில் 100 கிராமுக்கு 300 கலோரி வரை இருக்கும். ஃபெட்டாவில் சுமார் 265, ஆனால் உப்பு தூக்கல். காட்டேஜ் சீஸில் 100 கலோரியும் 11 கிராம் புரதமும்.

பனீரை 'டயட் சாப்பாடு' என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கொழுப்பு நீக்காத பாலில் செய்த பனீரில் 100 கிராமுக்கு 300 கலோரிக்குப் பக்கம் இருக்கும். புரதம் நிறைய, உப்பு மிகக் குறைவு என்பது அதன் பெருமை. காய்ந்த தோசைக்கல்லில் போட்டாலும் அது உருகாததற்குக் காரணம், எலுமிச்சைச் சாற்றின் அமிலம். அது வலையின் கால்சியப் பிணைப்பைக் கரைத்துவிட, புரதங்கள் நேரடியாக இறுகப் பிடித்துக்கொள்கின்றன. சூடு பட்டால் நீர் வெளியேறுமே தவிர வலை தளராது. சில சொட்டு எண்ணெயில் சுட்டெடுக்க இதைவிடத் தோதான பண்டம் இல்லை. அதையே வெண்ணெய் மிதக்கும் மசாலாவில் போட்டால் பழி பனீர்மேல் விழுகிறது.

கடைகளில் ஸ்லைஸாகவும் கியூப்பாகவும் கிடைப்பது பெரும்பாலும் பதப்படுத்திய சீஸ். சுவிட்சர்லாந்தின் துன் நகரில் வால்ட்டர் கெர்பரும் ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லரும் 1911-ல் கண்டுபிடித்த முறை அது. சோடியம் சிட்ரேட் சேர்த்து உருக்கினால் கொழுப்பு பிரியாமல் வழுவழுவென்று நிற்கும். ஆனால் 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருப்பது சாதாரணம். 20 கிராம் ஸ்லைஸ் இரண்டு தின்றாலே, உலக சுகாதார நிறுவனம் ஒருநாளைக்குச் சொல்லும் 2,000 மில்லிகிராம் வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். உப்பு உடலில் தண்ணீரைத் தேக்கும் என்பதால் மறுநாள் காலை எடைக்கருவி கூட்டிக் காட்டும். அது கொழுப்பு இல்லை, தண்ணீர்தான். ஆனால் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கம் போகக் கூடாது. பாக்கெட்டைத் திருப்பி, பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ருசித்துத் தின்ன

சீஸைச் சாப்பிடுவதற்கு அரைமணி முன்பே வெளியே எடுத்துவையுங்கள். குளிரில் கொழுப்பு இறுகி மணத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அறைச் சூட்டுக்கு வந்தால் சிறு துண்டே வாய் நிறைய மணக்கும். கட்டியை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். 25 கிராமை அளந்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை உள்ளே வைத்துவிட்டு உட்காருங்கள். தோசைக்கு உள்ளே புதைப்பதைவிட, இறக்கியபின் மேலே பொடியாகத் தூவுங்கள். நாக்கு முதலில் தொடுவது சீஸாக இருந்தால் பாதி அளவே போதும். கொய்யா, ஆப்பிள், வெள்ளரி போன்ற நார்ச்சத்துள்ள பண்டம் துணையாக இருக்கட்டும். அந்த 100 கலோரியை அன்றைய கணக்கிலிருந்து கழித்துக்கொள்வதும் கட்டாயம். சீஸில் மந்திரம் ஏதும் இல்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது பட்டியல் அப்படியே இருந்தது. சீஸை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் '25' என்று எழுதியிருந்தாள். எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. சாயங்காலம் கொய்யாவைக் கீற்றாக நறுக்கி, பக்கத்தில் அளந்த துண்டை வைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் அந்தத் தட்டை முடிக்கக் கால்மணி நேரம் ஆனது.