உதட்டை நக்காதீங்க!

மார்கழி வந்தாச்சு. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கிடக்கிறது. நம்ம உதடும் வெடிக்க ஆரம்பிச்சிடுச்சு. போன வாரம் காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட வாயைத் திறந்தேன், கீழ் உதடு பிளந்து ரத்தம்! மதியம் ஊறுகாய் பட்டதும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஏன் உதடு மட்டும் இப்படி? கை, கால் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. உதட்டில் அவை அநேகமாக இல்லை. தோலும் ரொம்ப மெல்லியது. அதனால் ஈரம் சீக்கிரம் போய்விடுகிறது.

காய்ந்ததும் என்ன செய்கிறோம்? நாக்கால் தடவுகிறோம். அங்கேதான் தப்பு! எச்சில் காயும்போது உதட்டின் ஈரமும் சேர்ந்து போகிறது. சோற்றைச் செரிக்க வைக்கிற நொதிகள் எச்சிலில் இருக்கு, அவை உதட்டை எரிய வைக்கும். நக்க நக்கக் காயும், காயக் காய நக்குவோம். பல்லால் தோலை உரிப்பது இன்னும் மோசம். (கணக்கு வகுப்பில் நான் செய்தது அதைத்தான்!)

தூங்கும் முன் உதட்டைத் தண்ணீரால் நனைத்து, துணியால் லேசாக ஒற்றி, அந்த ஈரத்தோடேயே நெய்யோ தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்க. எண்ணெய் ஈரத்தைத் தராது, இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் மூடி வைக்கும். எனக்கு நாலு நாளில் ஆறிவிட்டது. குளிருது என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீங்க. ஒரே டப்பாவில் எல்லாரும் விரல் விடவும் வேண்டாம்.

வாயோரம் மட்டும் வெடித்துப் புண்ணானால் அது வேறு. வைட்டமின் பி2 குறைந்தாலும் அப்படி வரும். பால், முட்டை, கீரை சாப்பிடணும். ஆறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்க.

— 8-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு