தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்

நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில், 44-க்கும் 74-க்கும் இடைப்பட்ட பல மாடிகளில் மார்கன் ஸ்டான்லி நிறுவனம் இயங்கிவந்தது. ஊழியர்கள் ஏறத்தாழ 2,700 பேர். பாதுகாப்புப் பிரிவின் தலைவர் ரிக் ரெஸ்கோர்லா. இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்து, அமெரிக்கப் படையில் சேர்ந்து வியட்நாமில் போரிட்டவர்.

கட்டடத்தின் அடித்தள வாகன நிறுத்தத்துக்குள் வெடிகுண்டு வண்டி எளிதாக நுழைந்துவிடும் என்று அவர் முன்பே எச்சரித்திருந்தார். கேட்பாரில்லை. 1993 பிப்ரவரி 26 அன்று அப்படியே நடந்தது. 6 பேர் இறந்தார்கள். இருட்டிலும் புகையிலும் படியிறங்க மணிக்கணக்கானது. வேறு இடத்துக்கு மாறிவிடலாம் என்றார் ரெஸ்கோர்லா. குத்தகையோ 2006 வரை இருந்தது.

ஆகவே ஒத்திகையைப் பிடித்துக்கொண்டார். சில மாதங்களுக்கு ஒருமுறை மணி அடிக்கும். வாடிக்கையாளரோடு பேரம் பேசிக்கொண்டிருப்பவரும் தொலைபேசியை வைத்துவிட்டு எழ வேண்டும். இருவர் இருவராக 44-ஆம் மாடி வரை படியிறங்க வேண்டும். முணுமுணுப்புகள் எழுந்தன. பெரிய அதிகாரிகளுக்கும் விலக்கில்லை. நம்மூர் அலுவலகங்களில் ஒத்திகை நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இதுதான்: மேலாளரின் கதவைத் தட்ட யாருக்கும் துணிவிருக்காது.

2001 செப்டம்பர் 11 காலை 8.46-க்கு வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது. தெற்குக் கோபுரத்தில் இருப்பவர்கள் இடத்திலேயே இருக்கலாம் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. ரெஸ்கோர்லா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் ஒரு மெகாபோனை எடுத்துக்கொண்டு எல்லோரையும் படிக்கட்டுக்கு அனுப்பினார். எனக்கு ஒத்திகையைவிடப் பெரிதாகத் தெரிவது இந்த முடிவுதான். மேலிடத்து அனுமதிக்குக் காத்திருந்தால் இத்தனை ஆண்டுப் பயிற்சியும் வீணாகியிருக்கும். 9.03-க்கு இரண்டாவது விமானம் அவர்களுக்குச் சற்று மேலே மோதியபோது பலர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தார்கள். கலங்கியவர்களைத் தேற்ற ரெஸ்கோர்லா கார்ன்வால் பாடல்களைப் பாடினார். விடுபட்டவர்களைத் தேடி மீண்டும் மேலே போனார். 9.59-க்குக் கோபுரம் சரிந்தது. அவரும் உதவியாளர்களும் திரும்பவில்லை. ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

அன்று பயிற்சி வகுப்புக்காக வெளியிலிருந்து சுமார் 250 பேர் வந்திருந்தார்கள். ஒத்திகைப் பட்டியலில் இடம்பெறாதவர்கள். அவர்களுக்கும் அருகிலுள்ள படிக்கட்டு எது என்பதை ரெஸ்கோர்லா முன்னதாகவே காட்டி வைத்திருந்தார்.