முழங்காலுக்குப் போட்ட மாத்திரை

முழங்கால் வலிக்குப் போடும் மாத்திரைக்கு முழங்கால் எங்கே இருக்கிறதென்று தெரியாது. டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ, ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் ஓடுகிறது. அங்கே அது என்ன செய்கிறது என்பதை 1971இல் இங்கிலாந்தின் ஜான் வேன்தான் கண்டு சொன்னார். இதே வகை மருந்தான ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்து அதற்குள் எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன! புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பு தயாரிப்பதை இம்மருந்துகள் தடுக்கின்றன. 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் வேனும் ஒருவர்.

மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கூட்டுவது இந்தப் பொருள். ஆனால் இரைப்பையில் இதுவே காவல்காரன். அமிலம் இரைப்பைச் சுவரையே அரித்துவிடாதபடி அதன்மேல் சளிப்படலம் சுரக்க வைக்கிறது. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்தின் ரத்தக்குழாய் சுருங்கிவிடாமல் காப்பதும் இதுதான். மூட்டில் வலியை அடக்கும் மாத்திரை இந்தக் காவல்களையும் சேர்த்தே விலக்கிவிடுகிறது.

ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிறு புண்ணாகாது என்று பலர் நம்புகிறார்கள். தவறு. எந்த வழியாக உள்ளே போனாலும் ரத்தத்தின் மூலம் இரைப்பைக்கு வந்துவிடும். சாப்பிட்டபின் போட்டால் எரிச்சல் குறையலாம், புண் வராது என்று சொல்ல முடியாது. வயிற்றை விட்டுவிட்டு வீக்கத்தை மட்டும் அடக்கும் என்று 1999இல் வந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரிந்து 2004இல் திரும்பப் பெறப்பட்டது. பழைய மருந்துகளிலும் பலவற்றுக்கு இதய ஆபத்து உண்டு.

அதனால்தான் மருத்துவர்கள் குறைந்த அளவு, குறைந்த நாட்கள் என்கிறார்கள். ஒரே முழங்காலோ கைவிரல்களோ வலித்தால் முதலில் ஜெல் தடவிப் பார்க்கலாம். ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். முன்பே அல்சர் வந்தவர்கள், வயதானவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடப் போடக் கூடாது. மாத்திரை அவசியமென்றால் அமிலத்தைக் குறைக்கும் மருந்தையும் அவர் சேர்த்து எழுதுவார். எனக்கு அதிகக் கவலை தருவது பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர்கள், வயிற்றுப்போக்கு நாளிலும் மூட்டுவலி மாத்திரையை விடாமல் போடுவது. சிறுநீரகம் சில நாட்களிலேயே பழுதாகலாம்.

மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டி வாங்குமுன், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை போடும் நாட்களில் மலம் தார்போலக் கறுத்துப் போனால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.