ஒரே பெட்டி, ஒரே விலை. வரி மட்டும் ஏன் தனித்தனி?

ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் 'கிஃப்ட் பாக்ஸ்' என்றாலே பட்டாசுதான். கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், பூச்சட்டி, சாட்டை, ஒரு கலர் தீப்பெட்டி என்று எல்லாம் ஒரே அட்டைப் பெட்டிக்குள் வந்துவிடும். இந்தப் பெட்டிக்கு எந்த வரி என்பதில் பெரிய குழப்பம் இல்லை. உள்ளே இருப்பது எல்லாமே பட்டாசு வகை, 3604 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும்.

இப்போது செல்போனில் வேறு மாதிரி கிஃப்ட் செட்கள் வருகின்றன. பர்ஸ், பேனா, சாவிக்கொத்து, லைட்டர் சேர்ந்த 'ஆண்களுக்கான செட்', டெடி பொம்மையும் காபி கப்பும் சாக்லேட்டும் சேர்ந்த பிறந்தநாள் பெட்டி என்று விதவிதமாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக இறக்கி, தீபாவளிக்கு ஊரில் விற்கலாம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. அப்படி ஒரு யோசனை உங்களுக்கு இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எண்ணில்தான் எல்லாம்

இறக்குமதியாகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் இருக்கும் உலக சுங்க அமைப்பு இதை வகுத்தது, 1988 முதல் உலக அளவில் நடைமுறையில் இருக்கிறது. வியாபாரிகள் 'ஹெச்.எஸ். கோடு' என்பார்கள். முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது. இந்தியாவில் மேலும் இரண்டு சேர்த்து எட்டு இலக்கம். எவ்வளவு வரி, உரிமம் வேண்டுமா, இறக்குமதிக்கே தடையா என்பதை எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

சின்ன வித்தியாசம் கூட எண்ணை மாற்றிவிடும். அடுப்பு பற்றவைக்கும் சாதாரண தீப்பெட்டி 3605. பார்க்க அதே மாதிரி இருந்தாலும், வண்ண ஒளியோடு எரியும் கலர் தீப்பெட்டி பட்டாசோடு சேர்ந்து 3604-க்குப் போய்விடும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

'செட்' என்று எழுதினால் செட் ஆகிவிடுமா?

ஆகாது. சுங்க விதிப்படி ஒரு பெட்டி 'சில்லறை விற்பனைக்கான செட்' ஆக வேண்டுமென்றால் மூன்று விஷயம் சேர்ந்து இருக்கணும். முதலில், வெவ்வேறு எண்ணில் வரக்கூடிய குறைந்தது இரண்டு பொருள்கள். அடுத்து, அவை சேர்ந்து ஒரு குறிப்பிட்ட தேவைக்கோ வேலைக்கோ பயன்பட வேண்டும். மூன்றாவது, மறுபடி பேக் செய்யாமல் அப்படியே வாங்குபவர் கையில் கொடுக்கிற நிலையில் இருக்க வேண்டும்.

பெரும்பாலான கிஃப்ட் செட்கள் அந்த இரண்டாவது இடத்தில்தான் சறுக்குகின்றன. 'பரிசு கொடுப்பது' என்பது பொருளின் பயன்பாடு ஆகாது. உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பில் வரும் உதாரணத்தைப் பாருங்கள். முடிவெட்டும் மின்கருவி, சீப்பு, கத்தரிக்கோல், பிரஷ், துண்டு ஆகியவை ஒரே தோல் பையில் இருந்தால் அது செட். எல்லாமே முடிவெட்டும் வேலைக்குத்தான். அந்த வேலையில் முக்கியமானது மின்கருவி என்பதால், துண்டும் சீப்பும் உட்பட மொத்தப் பைக்கும் மின்கருவியின் எண்தான். எது முக்கியம் என்று சொல்லவே முடியாதபோது, போட்டியில் இருக்கும் எண்களில் வரிசைப்படி கடைசியாக வருவதை எடுப்பார்கள். அதே குறிப்பில், ஒரு பாட்டில் மதுவும் ஒரு பாட்டில் ஒயினும் சேர்ந்த பெட்டி செட் இல்லை என்றும் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகக் கணக்கில் வரும்.

இதே கணக்கில் டெடி, கப், சாக்லேட் பெட்டியைப் பார்த்தால், அது மூன்று பொருள், மூன்று எண். பொம்மைக்கான அடிப்படை சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. அதோடு 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு பி.ஐ.எஸ். தரச்சான்றும் கட்டாயம். கப்புக்குக் கப்பின் வரி, சாக்லேட்டுக்கு உணவுப் பாதுகாப்பு அனுமதி. சப்ளையர் பில்லில் 'கிஃப்ட் செட் - 500' என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பினால், துறைமுகத்தில் அதைப் பிரித்துக் காட்ட வேண்டியது நீங்கள்தான். அதனால் ஆர்டர் போடும்போதே ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை போட்ட பில் கேட்டு வாங்குங்க.

லைட்டர் இருந்தால் கதையே வேற

நம்ம பக்கத்து வயிற்றுப்பாட்டோடு சம்பந்தப்பட்டது இது. பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டியின் இடத்தைப் பிடித்துவிடுகிறது, அதைத் தடை செய்ய வேண்டும் என்று 2022 செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் 29 அன்று, இறக்குமதி மதிப்பு 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டருக்கு மத்திய அரசு தடை விதித்தது. பொருளின் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்ததுதான் அந்த மதிப்பு. பாகங்களாக இறக்கி இங்கே பொருத்தும் வழியும் 2024 அக்டோபரில் அடைக்கப்பட்டது.

பர்ஸ், பேனா, லைட்டர் சேர்ந்த பெட்டி செட் ஆகாது என்று பார்த்தோம். அப்போ உள்ளே இருக்கும் லைட்டர் 9613 என்ற தன் சொந்த எண்ணோடு தனியாக நிற்கும். பெட்டி விலை 300 ரூபாய் என்பது அங்கே பேச்சுக்கு எடுபடாது. லைட்டரின் மதிப்பு 20 ரூபாய்க்குக் கீழே என்றால் தடைதான்.

பட்டாசு என்றால் இன்னும் கடுமை. இறக்குமதிக்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமமும், வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதியும் வேண்டும். 2025 அக்டோபரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் இரண்டு 40 அடி கண்டெய்னர்களை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் திறந்தபோது, சிலிகான் சீலன்ட் கன் என்று காட்டிய சரக்குக்குப் பின்னால் சீனப் பட்டாசு இருந்தது, மதிப்பு சுமார் 5 கோடி ரூபாய். உள்நாட்டுப் பட்டாசையே ஆன்லைன் வணிகத் தளங்கள் விற்கக் கூடாது என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆப்பில் பட்டாசு விளம்பரம் பார்த்தால் இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

நமக்கு அனுப்பும் பரிசுக்கு?

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமா கூரியரில் அனுப்பும் பரிசுக்கு, முன்பு 5,000 ரூபாய் வரை வரி விலக்கு இருந்தது. 2019 டிசம்பரில் அது போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு. மற்றதற்கு உரிய வரி கட்டி எடுக்கலாம்.

வியாபாரமாகச் செய்பவர்கள் ஐஸ்கேட் தளத்தின் சி.ஐ.பி. பகுதியில் பொருளின் பெயரையோ எண்ணையோ போட்டால் வரி, தேவையான அனுமதி எல்லாம் செல்போனிலேயே தெரியும். பெரிய ஆர்டர், எண்ணில் சந்தேகம் என்றால், டெல்லியிலும் மும்பையிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் சரக்கு வருவதற்கு முன்பே விண்ணப்பித்து முடிவு வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. "உங்க கிஃப்ட் கஸ்டம்ஸில் மாட்டிக்கிச்சு, இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க" என்று போன் வந்தால் பணம் அனுப்பாதீங்க. தனிநபர் கணக்குக்கு வரி கட்டச் சொல்லி சுங்கத்துறை கேட்பதில்லை. துறையின் கடிதத்தில் 'டின்' என்ற ஆவண எண் இருக்கும், அது உண்மையா என்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.