நீதியரசர் சர்வானந்தாவும் உவர்மலையும்

திருகோணமலையிலே ஓர்ஸ் ஹில் என்று வழங்கும் உவர்மலையில் கிழக்கு மாகாண ஆளுநரின் செயலகம் அமைந்திருக்கின்றது. அவ்வழியே பாடசாலை செல்லும் மாணவர் பலர், இம்மாகாண ஆட்சி முறை ஒருகால் ஒன்பது நீதியரசர்களின் முன்னே தராசின் முள்ளாய் ஊசலாடியதை அறியார். அவ்வொன்பதின்மருக்கும் தலைமை வகித்தவர் ஒரு தமிழர். சுப்பையா சர்வானந்தா என்பது அவர் பெயர்.

1923 ஆம் ஆண்டு பிறந்த இவர், வழக்கறிஞராகப் பெயர் பெற்றபின் உயர் நீதிமன்றத்தை அடைந்தார். 1981இல் வேல்முருகு வழக்கிலே, அரச அதிகாரிகள் இழைக்கும் சித்திரவதைக்கு அரசே பொறுப்பேற்க வேண்டும் என்று பெரும்பான்மையோரோடு மாறுபட்டு எழுதினார். 1984 அக்டோபரில், அதாவது ஆடிக் கலவரம் நிகழ்ந்து பதினைந்தே மாதங்களில், பிரதம நீதியரசரானார். சுதந்திர இலங்கையில் அப்பதவிக்கு வந்த முதல் தமிழர் அவரே.

1987 ஜூலை 29 அன்று இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி மாகாண சபைகளை அமைக்க அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்த மசோதா வந்தது. பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இதற்குப் போதுமா? அன்றிச் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டுமா? வாக்கெடுப்பு என்றால் மசோதா பிழைத்திராது என்பதே எம் எண்ணம். சர்வானந்தாவும் வேறு மூவரும் வாக்கெடுப்பு வேண்டியதில்லை என்றனர். நால்வர் வேண்டும் என்றனர். எஞ்சிய நீதியரசர் ரணசிங்க, இரண்டு உட்பிரிவுகளுக்கு மட்டுமே அது தேவை என்றார். அவை மாற்றப்பட்டன; நவம்பர் 14 அன்று திருத்தம் சட்டமாயிற்று.

சர்வானந்தா தரப்பினர் காட்டிய காரணத்தை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். மாகாண சபை பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. பாராளுமன்றம் தன் அதிகாரத்தைத் துறக்கவில்லை. ஆதலால் ஒற்றையாட்சி குலையவில்லை என்றனர். சபைகளைக் காத்த வாதமே அவற்றின் சிறுமையையும் சொல்லிவிட்டது! பின்னாளில் தமிழ்த் தலைவர்கள் இத்திருத்தம் போதாது என்று சொன்ன போதெல்லாம், அதற்கான சான்று அத்தீர்மானத்திலேயே கிடந்தது. ஆயினும் அவ்வாறு எழுதியிராவிட்டால் அந்தச் சிறிய சபையும் கிடைத்திராது.

1988 பெப்ரவரியில் அறுபத்தைந்து வயதாகவே அவர் ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே மேல் மாகாணத்தின் முதல் ஆளுநராக நியமிக்கப்பட்டார். நீதியாசனத்திலிருந்து இறங்கியவர் உடனே அரசு அளிக்கும் பதவியை ஏற்பது எமக்கு அத்துணை உவப்பானதன்று. அதிலும் தாம் செல்லும் என்று கூறிய சட்டத்தின் கீழ் வந்த பதவி! எனினும் அடிப்படை உரிமைகள் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் சட்ட மாணவர்க்கு நல்ல துணை.

திருகோணமலையோ 1988இல் இணைந்த வடக்கு - கிழக்கு மாகாணத்தின் தலைநகராயிற்று. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்ட பின்னரே இணைக்கலாம் என்றது சட்டம். அந்த நிபந்தனையை அவசரகால விதியால் தளர்த்தியது செல்லாதென 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி முதலாந் திகதி மாகாணங்கள் பிரிந்தன. சர்வானந்தா மறைந்ததும் அவ்வாண்டிலேதான். வடமாகாண அலுவலகங்கள் பின்னர் யாழ்ப்பாணம் போயின. உவர்மலையில் கிழக்கின் அலுவலகங்கள் எஞ்சின.