வாளியில் அமைந்த ஆய்வுப்பெட்டி

சுண்டெலி ஒன்று நெம்புகோலை அழுத்துகிறது. உடனே உணவுருண்டை ஒன்று வந்து விழுகிறது. சில நாட்களில், அழுத்தினால் உணவு கிடைக்கும் என்பதை அது கற்றுக்கொள்கிறது. இவ்வாறு விலங்கின் செயலை அளந்தறிய உதவும் பெட்டியை நடத்தை ஆய்வுப்பெட்டி என்பர்.

இதனை அமைத்தவர் ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், அவர் தம் கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொண்டார். உணவு வழங்கும் பகுதிக்கு, கழித்துப் போட்ட கருவிகளிடையே கிடந்த மரவட்டு ஒன்றை எடுத்தார். அதன் நடுவே அச்சு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதை அறுத்தெறிய அவர் மெனக்கெடவில்லை. பின்னர் அவ்வச்சில் நூலைச் சுற்றினார். வட்டு சுழலுந்தோறும் நூல் இறங்கி, எலியின் செயல்வேகத்தை வளைகோடாக வரைந்து காட்டிற்று. சோம்பலும் சிலவேளை பயன் தரும் போலும்!

பிற்காலத்தில் நிறுவனங்கள் இப்பெட்டிகளைச் செய்து விற்கலாயின. அவற்றின் விலை ஆயிரக்கணக்கான டாலர். பொருள்வளம் இல்லாத ஆய்வாளர் தம் உள்ளத்தெழுந்த வினாவை உள்ளத்திலேயே அடக்கிக்கொள்ள நேர்ந்தது. இஃது அறிவுலகிற்கு நேர்ந்த இழப்பன்றோ?

2005இல் இத்தாலியில் ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகை தோன்றிற்று. அதன் விலை குறைவு. அதன் வரைபடமும் எவரும் எடுத்தாளுமாறு திறந்து வைக்கப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் சிலர் இப்பலகையைப் பிளாஸ்டிக் வாளி ஒன்றில் பொருத்தி, ஏறத்தாழ 150 டாலர் செலவில் ஆய்வுப்பெட்டி செய்தனர்; செய்முறை முழுவதையும் உலகிற்கு வெளியிட்டனர்.

இதனால் விளைந்த நன்மை விலைக்குறைவு மட்டுமன்று. நரம்பணு கிளர்ச்சியுறும்போது அதனுள் கால்சியம் மிகும். அக்கால்சியத்தோடு சேர்ந்தவழிப் பச்சையொளி காட்டும் புரதம் ஒன்றை அறிவியலார் ஆக்கியுள்ளனர். சுண்டெலியின் தலையில் சில கிராம் எடையே உள்ள நுண்ணோக்கியைப் பொருத்தி, அவ்வொளியை நொடிக்கு இருபது முப்பது படங்களாக எடுக்கின்றனர். ஆயின், எலி நெம்புகோலை அழுத்திய கணம் எந்தப் படத்திற்கு உரியது? அது தெரியாவிடின் படங்கள் அத்தனையும் வீண். ஆகவே ஒவ்வோர் அழுத்தத்தின்போதும் பெட்டி ஒரு மின்துடிப்பை எழுப்பவேண்டும். அதைப் படங்களோடு ஒருங்கே பதிவு செய்யவேண்டும். தாமே செய்த பெட்டியில் இதற்கு ஒரு கம்பியும் சில வரிக் கட்டளைகளும் போதும்.

இன்னுமோர் இடையூறு உண்டு. நுண்ணோக்கியிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று மேல்நோக்கிச் செல்லும். கூரையிட்ட பெட்டியில் அது சிக்கிக்கொள்ளும். வாளியாயின் மூடியை எடுத்துவிட்டாற் போதும்.