மாட்டுக் கொட்டகை குதிரைக்கு லாயம் ஆகாது!

ஈரோடு மாவட்டம், அந்தியூரில் ஆடி மாதம் நடக்கும் குருநாதசாமி கோயில் திருவிழாவும், அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும் பேர்போனவை. அங்கு ஆசையாகக் குதிரை வாங்கி வந்து, மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் கட்டி, மாட்டுக்கு வைப்பதையே வைத்தால் ஆபத்துதான். காரணம், இரண்டுக்கும் வயிறு வேறு.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. தின்றதை அசைபோட்டு நிதானமாகச் செரிக்கும். குதிரைக்கு ஒரே வயிறு. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நார்த்தீவனம் பெருங்குடலுக்குப் போன பிறகே நொதித்துச் செரிக்கும். மேலும், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால்தான் 'கோலிக்' எனப்படும் வயிற்றுவலி அதன் உயிரையே பறிக்கிறது.

என்ன கொடுக்கலாம்?

300 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினமும் 5 முதல் 6 கிலோ காய்ந்த புல் தேவை. பசும்புல்லாகக் கொடுத்தால் அதைப்போல் நான்கைந்து மடங்கு. இதை நாள் முழுக்கப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வயிற்றில் அமிலம் எந்நேரமும் சுரப்பதால், நெடுநேரம் பட்டினி போட்டால் குடற்புண் வரும்.

கொள்ளு, தவிடு எல்லாம் சேர்த்து ஒரு வேளைக்கு ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. தெம்பு வரட்டும் என்று தானியத்தைக் கொட்டினால், அது பெருங்குடலில் புளித்து வயிற்றுவலியும், நடக்கவே விடாத குளம்பு அழற்சியும் உண்டாகும். தீவனத்தை மாற்றுவதானால் 10 நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும்.

கொழுக்கட்டைப்புல், நேப்பியர் புல் ஆகியவற்றில் உள்ள ஆக்ஸலேட், சுண்ணாம்புச்சத்தை உடலில் சேரவிடாது. தவிட்டையும் கூடுதலாகக் கொடுத்தால் எலும்பு வலுவிழந்து முகம் புடைக்கும். சுண்ணாம்புச்சத்து நிறைந்த குதிரைமசாலைச் சிறிதளவு சேர்ப்பது நல்லது.

கோழித்தீவனம் மட்டும் கூடவே கூடாது. ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். பூஞ்சை பிடித்த தீவனமும் விஷமே.

தண்ணீர் தினமும் 25 முதல் 30 லிட்டர் தேவை. கோடையில் இன்னும் கூடும். உப்புக்கட்டி எப்போதும் எட்டும்படி இருக்கட்டும்.

லாயம் எப்படி இருக்க வேண்டும்?

ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி இடம், உயரமான கூரை, காற்றோட்டம் அவசியம். தரையோரம் குனிந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் அது மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா. குதிரையின் நுரையீரலையும் அதுதான் கெடுக்கிறது. லத்தியையும் நனைந்த படுக்கையையும் தினமும் அகற்ற வேண்டும். ஈரத்தில் நின்றால் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாற்றமடிக்கும். தினமும் குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் இது வராது. மணல் தரையில் தீவனம் போடாமல் தொட்டியில் போடுங்கள். மணலும் உள்ளே போனால் குடல் அடைத்துக்கொள்ளும். சிறு காயம் வழியாகவும் டெட்டனஸ் தொற்றும் என்பதால் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது.

உடனே கவனிக்க...

முன்னங்காலால் தரையைச் சீய்ப்பது, வயிற்றுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, புரள்வது, வியர்ப்பது, லத்தி போடாதது ஆகியவை வயிற்றுவலியின் அறிகுறிகள். தீவனத்தை எடுத்துவிட்டு, உடனே கால்நடை மருத்துவரையோ 1962 எண்ணையோ அழையுங்கள். எண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால், பிழைக்க வேண்டிய குதிரையும் பிழைக்காது.